பேச்சுக்கு முன் வர வேண்டியவை: ஆட்டிசம் உள்ள இளங்குழந்தைகளின் அடிப்படைத் திறன்களை வீட்டில் வளர்ப்பது எப்படி?

இரண்டு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, எதையும் விரல் நீட்டிக் காட்டாத, சொல்லிக்கொண்டிருந்த ஓரிரு சொற்களையும் விட்டுவிட்ட குழந்தையின் பெற்றோர் யாரிடம் சென்றாலும் முதலில் கேட்பது, "எப்போது பேசுவான்?" என்றுதான். அந்தக் கவலை முழுக்க நியாயமானது. ஆனால் பேச்சு வருவதற்கு முன்பே குழந்தையிடம் உருவாக வேண்டிய சில திறன்கள் இருக்கின்றன. இன்னொருவர் பார்ப்பதைத் தானும் சேர்ந்து பார்ப்பது, பிறர் செய்வதைப் பார்த்துத் தானும் செய்வது, "உன் முறை, என் முறை" என்று காத்திருப்பது, வேண்டியதைச் சைகையால் கேட்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை ஒன்றரை வயதை ஒட்டி யாரும் சொல்லித் தராமலே வந்துவிடுகின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கோ இவற்றைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்புகளை நாம் திட்டமிட்டு, திரும்பத் திரும்ப, அலுக்காமல் ஏற்படுத்தித் தர வேண்டியிருக்கிறது.

அந்த வாய்ப்புகளுக்குத் தனி அறையோ விலை உயர்ந்த பொம்மைகளோ தேவையில்லை. குளியல், சாப்பாடு, உடை மாற்றுதல், மாலையில் மொட்டைமாடிக்குப் போதல் என்று அன்றாடம் நடப்பவற்றுக்குள்ளேயே அவை நிறைந்திருக்கின்றன. பிளாஷ் கார்டுகளை வைத்துக்கொண்டு குழந்தையை மணிக்கணக்கில் நாற்காலியில் உட்கார்த்திவைப்பதைவிட இந்த அன்றாட நேரங்களைச் சரியாகப் பயன்படுத்துவதே இளம் வயதில் கூடுதல் பலன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெற்றோரால் இது முடியுமா என்ற தயக்கம் வேண்டாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், சிறப்பு மருத்துவர்கள் அல்லாத சாதாரணப் பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி அளித்தார்கள். எல்லா அளவுகோல்களிலும் முன்னேற்றம் தெரியவில்லை என்றாலும், பெற்றோர் குழந்தையின் போக்கை அனுசரித்துப் பேசப் பழகினார்கள். அந்தக் குழந்தைகள் தாங்களாகவே முன்வந்து தொடர்புகொள்வதும் அதிகரித்திருந்தது.

தொடங்குவதற்கு முன்

முதலில் காது கேட்கும் திறனை முறையாகப் பரிசோதித்துவிட வேண்டும். கதவு தட்டும் ஓசைக்குத் திரும்புகிறது என்பதால் காது நன்றாகக் கேட்கிறது என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. ஒலிக்கு மூளை காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா போன்று இளங்குழந்தைகளுக்கென்று இருக்கும் சோதனைகளைக் காது நிபுணர் பரிந்துரைத்தால் தயங்காமல் செய்துகொள்ள வேண்டும். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு எம்-சாட் எனப்படும் 20 கேள்விகள் கொண்ட முதற்கட்டச் சோதனை உண்டு. அது ஆட்டிசத்தை உறுதிசெய்யும் சோதனை அல்ல. மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்பதை மட்டுமே சொல்லும். மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளை ஒட்டி இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்காக மத்திய அரசு நடத்தும் தேசிய நிறுவனத்திலும் மதிப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் வழி இருக்கிறது.

"ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்", "அவன் அப்பாவே நாலு வயதில்தான் வாய் திறந்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்பினால்தான். அதைக் கேட்டு ஓர் ஆண்டைக் கடத்திவிடுவதுதான் ஆபத்து. இங்கே சொல்லப்படும் எதையும் தொடங்குவதற்கு இறுதி மருத்துவ முடிவு கையில் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆட்டிசம் இல்லை என்று பின்னால் தெரியவந்தாலும் இவற்றால் குழந்தைக்குக் கெடுதல் எதுவும் நேராது.

ஒரு வாரம் பாருங்கள்

எதையும் கற்பிக்க முனையாமல் முதல் ஒரு வாரம் குழந்தையைக் கவனித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எதைத் தேடிப் போகிறது, எந்த ஒலிக்குக் காதைப் பொத்துகிறது, எந்த நேரத்தில் உற்சாகமாக இருக்கிறது, வேண்டியதை எப்படித் தெரிவிக்கிறது என்பவற்றை எழுதினால் போதும். "ஒன்றும் கேட்பதே இல்லை" என்று நாம் நினைத்திருந்த குழந்தை, நம் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பிரிட்ஜ் கதவின் மேல் வைப்பதை அப்போதுதான் ஒரு செய்தியாகப் பார்ப்போம். அந்தச் செய்தியிலிருந்துதான் அடுத்த படியைத் தொடங்க வேண்டும்.

பிறகு, ஒரு நாளில் நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து அல்லது பத்து நிமிடங்கள், டிவியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டுக் குழந்தையின் முன்னால் தரையில் உட்காருங்கள். நம் முகம் அதன் முகத்துக்கு நேரே, அதே உயரத்தில் இருக்க வேண்டும். அது காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தால், காரைப் பிடுங்கி "இப்படி ஓட்டணும்" என்று காட்ட வேண்டாம். நாமும் ஒரு காரை எடுத்துக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுழற்றலாம். தன்னைப் போலவே ஒருவர் செய்வதைக் கண்டதும் பல குழந்தைகள் சற்று நிறுத்தி நிமிர்ந்து பார்க்கின்றன. அந்த ஒரு கணப் பார்வைதான், இருவரும் ஒன்றையே சேர்ந்து பார்க்கும் பகிர்ந்த கவனத்தின் தொடக்கம். அது கிடைத்தவுடன் புன்னகையோடு "சுத்துது!" என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள், சில நாட்கள் கழித்து நாம் ஒரு சிறு மாற்றம் செய்து, காரை ஒருமுறை தள்ளிவிட்டு, குழந்தை அதைப் பின்பற்றுகிறதா என்று பார்க்கலாம். முதலில் நாம் அதைப் பார்த்துச் செய்கிறோம். அது நம்மைப் பார்த்துச் செய்வது பிறகு வரும்.

கண்ணைப் பார்க்கச் சொல்லித் தாடையைப் பிடித்துத் திருப்புவதை அறவே விட்டுவிட வேண்டும். ஆட்டிசம் உள்ள பலருக்கு நேருக்கு நேர் பார்ப்பது உண்மையிலேயே வேதனை தருவதாக இருக்கிறது என்று வளர்ந்தபின் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பார்ப்பதற்கு விரும்பத்தக்க ஒன்று நம் முகத்துக்கு அருகில் இருந்தால் பார்வை தானாக வரும். வராவிட்டாலும் குழந்தை கவனிக்கவில்லை என்று பொருளில்லை.

நிறுத்துங்கள், காத்திருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இந்தப் பகுதியையே வையுங்கள். நம் வீடுகளில் காலங்காலமாக ஆடிவரும் பருப்பு கடையும் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்பு கடைந்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று ஊட்டி, கடைசியில் இரண்டு விரல்களை மணிக்கட்டிலிருந்து நண்டுபோல் ஊரவிட்டு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவோம். முதல் சில நாட்கள் ஒரே வரிசையில், ஒரே சொற்களோடு, மாறாமல் விளையாடுங்கள். அடுத்து என்ன வரும் என்பது குழந்தைக்கு நன்றாகத் தெரிந்த பிறகு, நண்டு ஊரத் தொடங்கி முழங்கையருகே வந்ததும் விரல்களை நிறுத்திவிடுங்கள். முகத்தில் ஆவலைக் காட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல், மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

பெரியவர்களுக்கு இந்தப் பத்து எண்ணுவதுதான் மிகக் கடினம். மூன்றாவது நொடியிலேயே "சொல்லு, சொல்லு, என்ன வேணும்?" என்று கேட்டுவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கேட்டதை உள்வாங்கி, பதிலை உருவாக்கி, உடலை அசைப்பதற்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. நாம் இடையில் பேசினால் அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. காத்திருந்தால் ஏதோ ஒன்று வரும். கையை நம் பக்கம் தள்ளலாம், உடலை நெளிக்கலாம், நம்மை ஒருமுறை பார்க்கலாம், "ம்" என்று ஓர் ஒலி எழுப்பலாம். எது வந்தாலும் அதையே கோரிக்கையாக ஏற்று, "இன்னும்!" என்று சொல்லி, உடனே நண்டை ஊரவிடுங்கள். தான் ஒன்று செய்தால் எதிரே இருப்பவர் ஒன்று செய்கிறார் என்பது குழந்தைக்கு அப்படித்தான் புரிகிறது.

இதே முறையை நாள் முழுவதும் கையாளலாம். குளிக்கும்போது ஒரு சொம்பு ஊற்றிவிட்டு இரண்டாவது சொம்பை உயரே பிடித்துக் காத்திருக்கலாம். ஊஞ்சலை இழுத்துப் பிடித்து நிறுத்தலாம். பிடித்த முறுக்கை உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி மூடிக் கையில் கொடுக்கலாம். திறக்க முடியாமல் அது டப்பாவை நம்மிடம் நீட்டும்போது ஒரு கோரிக்கை பிறக்கிறது. இட்லியை முழுதாக வைக்காமல் ஒரு விள்ளலை மட்டும் தட்டில் வைத்து அடுத்ததற்குக் காத்திருக்கலாம். ஆனால் ஓர் எல்லை இருக்கிறது. பசியையும் தாகத்தையும் பணயமாக வைக்கக் கூடாது. "தண்ணின்னு சொன்னாத்தான் தருவேன்" என்று குழந்தையை அழவைப்பது கற்பித்தல் ஆகாது. பத்து நொடிகளில் எதுவும் வரவில்லை என்றால் நாமே சொல்லைச் சொல்லி, சைகையைக் காட்டி, கொடுத்துவிட வேண்டும்.

கையைப் பிடித்து இழுக்கும் குழந்தைக்குச் சுட்டிக்காட்டக் கற்றுத்தர, பொருளைக் கைக்கு எட்டாத ஆனால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்து, அது நம் கையை இழுக்கும்போது அதன் ஆள்காட்டி விரலை மென்மையாக நீட்டிப் பொருளைத் தொடவைத்து உடனே தர வேண்டும். தொடுவது பழகியபின் ஓரங்குலம், பிறகு ஒரு சாண் என்று தொலைவை அதிகரிக்கலாம். தொட்டால் கையை உதறும் குழந்தையை வற்புறுத்தாமல், நாமே சுட்டிக் காட்டிக்கொண்டிருப்பது போதும்.

கேட்பதற்காகச் சுட்டுவது ஒன்று, "அதோ பார்!" என்று பகிர்வதற்காகச் சுட்டுவது வேறொன்று. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இரண்டாவதே அதிகக் கடினம். காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கமுள்ள வீட்டில் இதற்கு நல்ல வாய்ப்பு கிடைக்கும். சோற்றை வைத்துவிட்டுக் குழந்தையோடு சேர்ந்து காத்திருந்து, காக்கை வந்து அமர்ந்ததும் வியப்போடு சுட்டிக்காட்டிக் "காக்கா!" என்று மட்டும் சொல்லலாம். குழந்தை காக்கையைப் பார்த்துவிட்டு நம்மையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் அதை அன்றைய நோட்டில் எழுதிவைக்க வேண்டும். "இது என்ன? என்ன நிறம்? எத்தனை காக்கா?" என்று கேள்வி கேட்கத் தொடங்கினால் பகிர்தல் பரீட்சையாகிவிடும்.

எப்படிப் பேசுவது?

குழந்தை சொற்களே சொல்லாத நிலையில் நாம் ஒற்றைச் சொற்களில் பேச வேண்டும். அது ஒற்றைச் சொல் சொன்னால் நாம் இரண்டு சொற்களில் பேச வேண்டும். எப்போதும் அதைவிட ஒரு படி மட்டும் மேலே இருப்பது நல்லது. வா, தா, போ, இன்னும், போதும், வேண்டாம், திற என்பவை பந்து, பூனை போன்ற பெயர்ச்சொற்களைவிட முதலில் அதிகம் பயன்படும். "போதும்", "வேண்டாம்" ஆகியவற்றைக் கட்டாயம் கற்றுத்தாருங்கள். மறுக்கத் தெரியாத குழந்தை தட்டை வீசித்தான் மறுக்கும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பல நேரங்களில் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கின்றன. "தண்ணி வேணுமா?" என்று நாம் தினமும் கேட்டால், தாகம் எடுக்கும்போது குழந்தையும் "தண்ணி வேணுமா?" என்றே சொல்லும். அது பொருளற்ற உளறல் இல்லை. தண்ணீரோடு சேர்ந்து வந்த ஒலித்தொடரை அது சரியாகவே பயன்படுத்துகிறது. ஆகவே குழந்தை சொல்ல வேண்டிய வடிவத்தையே நாம் அதன் சார்பில் சொல்ல வேண்டும். டம்ளரைக் காட்டி "தண்ணி வேணும்" என்று சொல்லிக் கொடுங்கள். கிண்டலாக எண்ணித் "திருப்பிச் சொல்லாதே" என்று அதட்டுவது, பேச்சுக்கு அது கண்டுபிடித்திருக்கும் ஒரே வழியை அடைப்பதாகிவிடும்.

பள்ளியில் ஆங்கிலம், தெரபியில் ஆங்கிலம் என்பதால் வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசும்படி சில பெற்றோருக்கு இன்னும் அறிவுரை சொல்லப்படுகிறது. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மொழி வளர்ச்சியைப் பின்னுக்குத் தள்ளுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியும் அம்மாவும் இயல்பாக, உணர்ச்சியோடு பேசும் தமிழை விலக்கிவிட்டு நாலு ஆங்கிலச் சொற்களை மட்டும் குழந்தைக்குத் தருவது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

படங்களையும் சைகைகளையும் பயன்படுத்தினால் குழந்தை பேசவே பேசாது என்ற அச்சமும் ஆதாரமற்றது. 1985இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய பட அட்டைப் பரிமாற்ற முறை முதல் இன்றைய டேப்லெட் செயலிகள் வரை, இவை பேச்சைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு வரவும் உதவுகின்றன. பேச்சே வராத குழந்தைக்கும் தன் தேவையைச் சொல்லும் உரிமை உண்டு. வீட்டில் தொடங்குவதற்கு, அது உண்மையில் குடிக்கும் டம்ளர், உட்காரும் ஊஞ்சல், தின்னும் பிஸ்கட் ஆகியவற்றைப் படமெடுத்து அச்சிட்டு லேமினேட் செய்தால் போதும். படத்தை நம் கையில் கொடுத்தால் பொருள் உடனே கிடைக்க வேண்டும்.

அன்றாட வேலைகளும் புலன்களும்

உடை உடுத்துவது போன்ற வேலைகளைக் கடைசிப் படியிலிருந்து கற்றுத்தருவது எளிது. கால்சட்டையில் இரண்டு கால்களையும் நாமே நுழைத்து, முழங்கால்வரை, தொடைவரை, இடுப்புக்குச் சற்றுக் கீழேவரை ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தையிடம் விட வேண்டும். முடித்தது அதுதான் என்ற நிறைவு அதற்குக் கிடைக்கும். அது உறுதியானபின் தொடையிலிருந்து, பிறகு முழங்காலிலிருந்து என்று பின்னோக்கி வர வேண்டும். கை கழுவுவதற்கும், செருப்பு மாட்டுவதற்கும், கழிப்பறைப் பழக்கத்துக்கும் இதே வழி பொருந்தும்.

ஒரு செயலிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதில்தான் பெரும்பாலான அழுகைகள் தொடங்குகின்றன. முதலில் குளியல், பிறகு பந்து என்று இரண்டு படங்களை அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினால் நடக்கப்போவது அதற்குத் தெரியும். சொன்னபடி பந்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒருமுறை ஏமாற்றினால் படத்தின் மேல் நம்பிக்கை போய்விடும்.

மிக்ஸி, குக்கர் விசில், முடிவெட்டும் மெஷின், உச்சந்தலையில் எண்ணெய், சட்டையின் கழுத்தில் உறுத்தும் லேபிள் என்று நமக்குப் பொருட்டல்லாதவை இக்குழந்தைகளுக்குத் தாங்க முடியாதவையாக இருக்கலாம். மிக்ஸியைப் போடும் முன் "சத்தம் வருது" என்று சொல்லி அடுத்த அறைக்கு அழைத்துச் செல்வதும், லேபிளை வெட்டி எடுப்பதும் செல்லம் கொடுப்பதாகாது. உணவு விஷயத்திலும் அப்படித்தான். புதிய உணவைத் தட்டின் ஓரத்தில் வைத்து, தொடுவதையும் முகர்வதையும் முன்னேற்றமாக எண்ண வேண்டும், வாயைத் திறந்து திணிக்கக் கூடாது. அழுகை கட்டுக்கடங்காமல் போகும் நேரம் பாடம் நடத்தும் நேரமல்ல. ஒலியையும் வெளிச்சத்தையும் குறைத்து, பேச்சை நிறுத்தி, காயம்படாமல் பார்த்துக்கொண்டு அருகில் இருக்க வேண்டும். அமைதியான பிறகு, அதற்கு முன் என்ன நடந்தது என்பதை நோட்டில் எழுதுங்கள். பத்துக் குறிப்புகள் சேர்ந்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். திடீரென்று தலையை முட்டிக்கொள்ளும், காதை அடித்துக்கொள்ளும் குழந்தைக்குப் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பணமும் நேரமும் எங்கே போகக் கூடாது

ஆட்டிசத்தை முற்றாகக் குணப்படுத்துவதாகச் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம். உடலிலிருந்து உலோகங்களை நீக்குவதாகச் சொல்லப்படும் கீலேஷன் சிகிச்சை ஆபத்தானது. ஸ்டெம் செல் ஊசிகளுக்கும் நிறுவப்பட்ட பலன் இல்லை. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பேச்சுக்கு மூலமான 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. தாயின் வளர்ப்புக் குறையால் வருகிறது என்ற பழைய கருத்தும் தவறானது. அந்தப் பழியைச் சுமந்துகொண்டிருக்கும் தாய்மார்கள் அதை இன்றே இறக்கிவைக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளிச் சான்றிதழும், யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் பெற்றால் உதவிகளுக்கு விண்ணப்பிக்க முடியும். மத்திய அரசின் அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு இடமுண்டு, தெரபிச் செலவும் அதில் அடங்கும். சான்றிதழ் வாங்கினால் பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடும் என்று உறவினர்கள் தடுப்பது உண்டு. அதை வாங்காமல் இழப்பது குழந்தைதான்.

தெரபிக்கு அழைத்துச் செல்பவர்கள், அங்கே வெளியே காத்திருக்காமல் உள்ளே உட்கார அனுமதி கேளுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அங்கே நடப்பதை வீட்டில் எப்படித் தொடர்வது என்று காட்டித்தருவது தெரபிஸ்டின் கடமை. வீட்டிலும் அம்மா ஒருவரே எல்லாவற்றையும் சுமக்காமல், குளியல் அப்பாவுக்கு, மொட்டைமாடி தாத்தாவுக்கு என்று ஆளுக்கு ஒரு நேரத்தைப் பிரித்துக்கொண்டால், ஒரு திறனைப் பல மனிதர்களிடம் காட்டவும் குழந்தை பழகும்.

ஒரே சமயத்தில் இரண்டு அல்லது மூன்று இலக்குகளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். "பேச வேண்டும்" என்பதை இலக்காக எழுதினால் அளக்க முடியாது. "குளிக்கும்போது இரண்டாவது சொம்புக்குக் கையை நீட்டிக் கேட்க வேண்டும்" என்று எழுதினால் நடந்ததா இல்லையா என்பது அன்றிரவே தெரியும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நோட்டைத் தெரபிஸ்டிடம் காட்டி, அசையாமல் நிற்கும் இலக்கை உடைத்துச் சிறியதாக்கிக்கொள்ளுங்கள். இடையில் வந்திருந்த சொற்களோ திறன்களோ மறைந்தாலும், கண் சொருகி வெறித்துப் பார்ப்பதோ உடல் வெட்டி இழுப்பதோ தெரிந்தாலும் அந்த மூன்று மாதத்துக்குக் காத்திராமல் உடனே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.